யாரும் நடாத மரம்

நூறாவது விதையையும் குமுதவல்லி கத்தி நுனியால் கீறிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் உமி.

விரல் நகத்தின் மேல் நான்கைந்து விதைகளை வைத்துவிடலாம், அவ்வளவு சின்னவை. இரண்டு பக்கமும் கண்ணாடித்தாள் போன்ற இறக்கை. காற்று வந்தால் பறப்பதற்கென்றே படைத்த மாதிரி இருக்கும். ஆனால் பறந்து போய் விழுந்தாலும் முளைப்பதற்கு உள்ளே பருப்பு இருக்க வேண்டுமே. நூறு விதைகளில் ஒன்றில்கூட இல்லை.

அவள் பூதக்கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு ஜன்னல் வழியே சரிவைப் பார்த்தாள். பதினான்கு வருடங்களுக்கு முன்பு அவள் கையாலேயே நட்ட பிர்ச் மரங்கள், வெள்ளைப் பட்டை மினுங்க, செப்டம்பர் வெயிலில் மஞ்சளாக நின்றன. அவ்வளவு அழகான காடு. ஆனால் அது மலட்டுக் காடு.

கிரீன்லாந்தின் தெற்கு ஓரத்தில், கடல் நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் ஓர் இடத்தில் இருந்தது புதுக்கோடி. வேதாரண்யம் கரையோரத்தில் கடல் எடுத்துக்கொண்ட ஐந்து ஊர்களின் ஆட்கள், முந்நூற்று நாற்பது பேர், அங்கே குடியேறியிருந்தார்கள். இங்கே நிலம் இருந்தது. ஆனால் உறுதி இல்லை. ஆயிரக்கணக்கான வருடங்களாக மண்ணுக்குள் உறைந்து கிடந்த பனி உருகிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்த வேர் இல்லாததால், ஈரமான சரிவு எப்போது வேண்டுமானாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும். வந்த ஆறாம் வருடம், நட்ட கன்றுகள் ஆழமாக வேர் பிடிக்கும் முன்பே, அப்படித்தான் இறங்கியது. நான்கு வீடுகளையும் ஏழு பேரையும் கொண்டுபோனது.

மண்ணைப் பிடிப்பதற்காக ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் கொடுத்த மரம்தான் இந்த ஆறாம் ரகப் பிர்ச். சாதாரணப் பிர்ச்சைவிட இரண்டு மடங்கு வேகமாக வளரும். குடியேற்ற ஆணையம் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தது. பதினைந்தாம் வருடம் ஆய்வுக்கு வரும்போது, யாரும் நடாமல் தானாக முளைத்த கன்றுகள் குறைந்தது ஆயிரமாவது சரிவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிலம் நிலைக்காது என்று தீர்மானித்து, மக்களைப் பிரித்துப் பல நகரங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பதினைந்தாம் வருட ஆய்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. கன்று எண்ணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவள், புதுக்கோடியின் மண், மரக் கண்காணிப்பாளரான குமுதவல்லி.

அவள் விதைகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஊர்மன்றத் தலைவர் நாடிமுத்துவைப் பார்க்கப் போனாள். அவர் படகுத்துறையில் வலை காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. ஒரு காலத்தில் ஆழ்கடலுக்குப் போய் வந்த உடம்பு. சரிவு இறங்கிய நாளில் மனைவி பட்டம்மாளைப் பறிகொடுத்தவர்.

"வெறும் உமியா?" என்றார் அவர், விதையை விரலால் நசுக்கி.

"ஆமா பெரியப்பா. இந்த நாட்டுப் பிர்ச்சோட கலந்துடக் கூடாதுன்னு, வித்தே கட்டாத மாதிரி செஞ்சு குடுத்திருக்காங்க. பழைய ஆவணத்துல நேத்துதான் பாத்தேன்."

"வித்தில்லாத மரத்தைக் குடுத்தது அவங்க. ஏன் கன்னு முளைக்கலன்னு கேக்கப்போறதும் அவங்களா?"

"மரத்தைச் செஞ்சது ஒரு ஆபீசு, நிபந்தனையை எழுதினது இன்னொரு ஆபீசு. ரெண்டும் உக்காந்து பேசினதே இல்ல போலிருக்கு."

நாடிமுத்து வலையை விட்டுவிட்டுத் துறையின் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேற்க அந்தப் பள்ளத்தாக்குல நாட்டுப் பிர்ச் நிக்குதுல்ல. அங்கேருந்து ஆயிரம் கன்னைப் புடுங்கிப் படகுல கொண்டாந்து, அங்கொண்ணு இங்கொண்ணா நட்டுவச்சா? யாரு நட்டாங்கன்னு மரம் வாயைத் தொறந்து சொல்லுமா?"

"அதிகாரியை ஏமாத்திடலாம் பெரியப்பா. சரிவை எப்படி ஏமாத்துறது?" என்றாள் குமுதவல்லி. "இந்த மரத்துக்கு ஆயுசு அறுபது எழுபது வருஷம்தான். அது விழறப்போ பக்கத்துல அதோட கன்னு நிக்கணும். நம்ம நட்டாத்தான் உண்டுன்னா, நமக்கப்புறம் யாரு நடுவா? நிபந்தனை சரியாத்தான் இருக்கு. மரம்தான் தப்பு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"நாட்டுப் பிர்ச் எப்படி முளைக்குதுன்னு பாத்துட்டு வாரேன். அதுக்கப்புறம் சொல்றேன்."

அடுத்த நாள் காலையில் அவள் தனியாகக் கிளம்பினாள். பள்ளத்தாக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மலைமுதுகைத் தாண்டி இருந்தது. பாதுகாக்கப்பட்ட காடு, கண்காணிப்பாளர் என்ற முறையில் அவளுக்கு மட்டும் உள்ளே போக அனுமதி உண்டு.

அங்கே நின்ற பிர்ச்சுகள் குள்ளமாக, ஒரே அடியிலிருந்து நாலைந்து தண்டுகள் கிளம்பி, காற்றுக்கு வளைந்து கிடந்தன. அவற்றின் விதைகளைக் கீறிப் பார்த்தாள். பத்துக்கு மூன்றில் பருப்பு இருந்தது. அப்படியானால் கீழே கன்றுகள் மண்டிக் கிடக்க வேண்டும். தேடினாள். மரத்தடி நிழலில் ஒன்றுகூட இல்லை. பக்கத்திலிருந்த புல்வெளியிலும் இல்லை. மதியம்வரை குனிந்து குனிந்து நடந்து இடுப்பு விட்டுப்போனது.

தண்ணீர் பிடிக்க ஓடைக்கு இறங்கியபோதுதான் கண்டாள். போன வசந்தத்தில் பனிப்பாளம் உரசிக்கொண்டு போய், ஓடைக் கரையின் புல்லைத் தோலோடு உரித்துவிட்டிருந்தது. அந்த வெற்று மண்ணில், கடுகு கொட்டி முளைத்த மாதிரி, நூற்றுக்கணக்கில் பிர்ச் கன்றுகள். ஒரு முழம் தள்ளிப் புல் தொடங்கும் இடத்தில் ஒன்றுகூட இல்லை.

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவ்வளவு சின்ன விதைக்குள் ஒரு வாரத்துக்கான சோறுகூட இருக்காது. முளைத்த கணமே வேர் மண்ணைத் தொட வேண்டும், இலை வெயிலைத் தொட வேண்டும். வேருக்குக் குளிர்ந்த ஈரம், தலைக்கு முழு வெளிச்சம். புல்லின் மேல் விழுந்த விதை அந்தரத்தில் தொங்கிக் காய்ந்துபோகும். எல்லாம் அழிந்த இடத்துக்கு முதல் ஆளாக வந்து குடியேறும் மரம் இது. ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டில் இதற்கு இடமில்லை.

புதுக்கோடியில் ஒன்பது வருடமாக அவர்கள் செய்தது என்ன? சரிவு முழுக்கப் புல் விதைத்து, ஒரு விரற்கடை மண்கூட வெளியே தெரியாமல் காத்து வளர்த்தார்கள். குளிர்காலத்தில் பனி இறுகிய பிறகு, இந்தப் பள்ளத்தாக்கின் விதைகள் காற்றில் வழுக்கிக்கொண்டு மலைமுதுகைத் தாண்டி வருடா வருடம் புதுக்கோடிக்கு வந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். வந்த விருந்தாளிகளுக்குக் கால் வைக்க இடமில்லாததால், அவை பனி உருகியதும் புல் மேலேயே காய்ந்து போயிருக்கின்றன.

ஊர் திரும்பியதும் முதலில் கணவன் கலியமூர்த்தியிடம்தான் சொன்னாள். ஊரின் ஆட்டு மந்தை அவன் பொறுப்பில் இருந்தது. சரிவின் புல்தான் குளிர்காலம் முழுக்க ஆடுகளுக்குத் தீவனம்.

"புல்லை எவ்வளவு செதுக்கணும்?" என்றான் அவன்.

"மூணுல ஒரு பங்கு. பனி விழறதுக்கு முன்னாடி. அடுத்த வருஷமும் அந்த இடத்துல புல்லு வரவிடக் கூடாது."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஓரத்துப் புல்லும் மிதிபட்டு வீணாகும். அப்படின்னா மந்தையில பாதியை இந்த மாசமே அறுத்துடணும். பட்டினி போட்டுச் சாகவிட முடியாது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அவன் எழுந்து பட்டிக்குப் போனான். ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கருவாட்டுக் கொட்டகையில் ஊர் கூடியது. குமுதவல்லி விதையையும், ஓடைக்கரை மண்ணோடு பெயர்த்து வந்த ஒரு பிடிக் கன்றையும் கையில் கொடுத்து எல்லோரையும் பார்க்க வைத்தாள். சரிவுக்குக் குறுக்கே, மர வரிசைகளுக்கு நடுவே வெயில் விழும் இடத்தில், ஒரு பாகம், அதாவது ஆறடி, அகலத்துக்குப் புல்லைச் செதுக்க வேண்டும். அடுத்த கீற்றுக்குப் பன்னிரண்டடி இடைவெளியில் புல் அப்படியே இருக்கும். அடியில் ஆறாம் ரகத்தின் வேர் பிடித்துக்கொண்டிருப்பதால் மண் நகராது என்று சொன்னாள்.

நாடிமுத்து எழுந்தார்.

"ஒம்போது வருஷமா அந்தச் சரிவுல ஒரு புல்லைப் புடுங்க விட்டதில்ல நான். ஏன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப அதோட தோலை உரிக்கச் சொல்றா இவ. நகராதுங்கிறியே குமுதா, சத்தியமா சொல்லுவியா?"

சத்தியம் செய்வது சுலபம். ஆனால் அது பொய்யாக இருக்கும்.

"சத்தியம் பண்ண மாட்டேன் பெரியப்பா. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் நகராது. அவ்வளவுதான் சொல்ல முடியும். சும்மா இருந்தா என்ன ஆகும்ங்கிறதை மட்டும் சத்தியமா சொல்லுவேன். இன்னும் அம்பது வருஷத்துல மரமெல்லாம் விழும். விழுந்தா சரிவு இறங்கும். அப்ப யாரு வீடு கீழ இருக்குமோ."

கைகளை எண்ணினார்கள். முப்பத்தொரு கை அதிகமாக அவள் பக்கம் உயர்ந்தது.

"தலைவனா சொல்றேன், ஊரு சொன்னபடி செய்யுங்க," என்றார் நாடிமுத்து. "மனுசனா சொல்றேன், நான் மண்வெட்டியைத் தொட மாட்டேன்."

அக்டோபரில் பதினெட்டு நாள் செதுக்கினார்கள். வலை இழுத்துப் பழகிய கைகளுக்கு மண்வெட்டி புதிதல்ல. ஆனால் வளர்த்த புல்லைத் தாங்களே பெயர்த்து எறிவதுதான் கஷ்டமாக இருந்தது. பாதி மந்தை போயிற்று. கலியமூர்த்தி அந்த வாரம் முழுக்க யாரோடும் பேசவில்லை, கறியும் தின்னவில்லை. முதல் பனி விழுந்தபோது, பச்சைச் சரிவில் பன்னிரண்டு கறுப்புக் கீற்றுகள் தெரிந்தன. ஏதோ பெரிய நகத்தால் கீறினாற்போல் இருந்தது. இரண்டு நாளில் அதையும் பனி மூடிவிட்டது.

மே மாதம் உருகல் தொடங்கியதும் குமுதவல்லிக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. தினமும் காலையில் அவள் சரிவுக்குப் போகும் முன்பே அங்கே ஒருவரின் காலடித் தடம் இருந்தது. நாடிமுத்து ஒவ்வொரு கீற்றின் ஓரத்திலும் முளையடித்து, கயிறு கட்டி, கயிறு தொய்கிறதா இறுகுகிறதா என்று அளந்துகொண்டிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு நாள் விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் அவருடைய கூச்சல் கேட்டது. "குமுதா! எட்டாவது கீத்து! ஓடியாங்க எல்லாரும்!"

எட்டாம் கீற்றின் நடுவில் கயிறு வில்லாக வளைந்திருந்தது. மேலே தேங்கிய உருகு நீர் வெளியேற வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்கி, ஒரு வீட்டகலத்துக்கு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் நாடிமுத்து யாருடைய மண்வெட்டியையோ பிடுங்கிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றில் நின்று, நீர் பக்கவாட்டில் ஓட வாய்க்கால் வெட்டத் தொடங்கியிருந்தார். குமுதவல்லி அவருக்குப் பக்கத்தில் இறங்கினாள். பதினைந்து பேர் சேர்ந்து மதியம்வரை வெட்டினார்கள், கல் அடுக்கினார்கள். தண்ணீர் வழிமாறிப் பாறைப் பக்கம் இறங்கிய பிறகு கயிறு மேலும் வளையவில்லை.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும்னு சொன்னல்ல," என்றார் நாடிமுத்து மூச்சு வாங்க. "உனக்குத் தெரியாததை நான் பாத்துக்கிறேன். நீ கன்னைப் பாரு."

ஜூன் மூன்றாம் வாரம் கன்றுகள் வந்தன. முதலில் ஈரமண் மேல் பச்சைத் தூசி தூவியது போலத்தான் தெரிந்தது. மண்டியிட்டுப் பார்த்தால் இரட்டை இலைகள். ஆகஸ்டு தொடக்கத்தில் அவை விரல் உயரம் வளர்ந்து நின்றன. குமுதவல்லி எண்ணியதில் நான்காயிரத்து நூற்றுப் பதினெட்டு. ஊரே கீற்றுகளின் ஓரத்தில் நின்று, குழந்தையைத் தொட்டிலில் பார்ப்பது போலக் குனிந்து குனிந்து பார்த்தது.

எண்ணி முடித்த நாளிலிருந்து அவளுக்கு மட்டும் நிம்மதி இல்லை. நாட்டுப் பிர்ச்சின் இலை சின்னதாக, வட்டமாக, மயிர் அடர்ந்து இருக்கும். ஆறாம் ரகத்தின் இலை நீண்டு, கூர்மையாக, வழவழப்பாக இருக்கும். இந்தக் கன்றுகளில் பாதி, மயிரும் கொண்டு கூர்மையும் கொண்டிருந்தன. மரபணு சோதனைப் பட்டையில் ஒரு இலையைத் தேய்த்துப் பார்த்தாள். சந்தேகம் தீர்ந்தது. ஆறாம் ரகம் தாய். பள்ளத்தாக்கிலிருந்து காற்றில் வந்த மகரந்தம் தகப்பன்.

நூறு விதையைக் கீறிப் பார்த்து மலடு என்று முடிவுகட்டியது அவள் செய்த தப்பு. ஒரு மரம் லட்சக்கணக்கில் விதை உதிர்க்கிறது. பத்தாயிரத்தில் ஒன்று தப்பிப் பிறந்தால்கூடப் போதும். ஆணையத்தின் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: ஆறாம் ரகம் நாட்டுப் பிர்ச்சோடு கலந்ததாகக் கண்டால், மரங்கள் அனைத்தையும் வேரோடு அகற்ற வேண்டும்.

நாடிமுத்து அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சொல்லாதன்னா கேப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன ஏன் எங்கிட்ட கேக்குற?"

"கேக்கல பெரியப்பா. சொல்றேன். இப்ப மறைச்சா, பத்து வருஷம் கழிச்சு அந்தப் பள்ளத்தாக்கு பூரா இது பரவின பின்னாடி தெரியவரும். அது அவங்க காடு. நம்ம காட்டைக் கடல் எடுத்துச்சு. அவங்க காட்டை நாம எடுத்தோம்னு ஆகக் கூடாது."

அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "சரி. நானும் கூட நிக்கிறேன். நீ மட்டும் திட்டு வாங்க வேணாம்," என்றார்.

ஆய்வதிகாரி பிபாலுக் ஆகஸ்டு இருபதாம் தேதி படகில் வந்தார். கிரீன்லாந்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவி அவர் பேச்சைப் புத்தகத் தமிழில் சொல்லியது. கன்றுகளைத் தானே எண்ணினார். ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திச் சிரித்தார்.

"நிபந்தனை நிறைவேறியது. வாழ்த்துகள்."

"இன்னொண்ணு இருக்குங்க," என்றாள் குமுதவல்லி. சோதனைப் பட்டையை நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

பிபாலுக் பட்டையைப் பார்த்தார். பிறகு முழங்காலிட்டு, ஒரு கன்றின் இலையைத் திருப்பி, அதன் அடிமயிரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எழுந்திருக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இதை ஏன் சொன்னீர்கள்?"

"எப்படியும் நீங்க கண்டுபிடிச்சிருப்பிய."

"இல்லை. நான் எண்ணுவதற்கு மட்டும்தான் வந்தேன்." அவர் பட்டையைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "பள்ளத்தாக்கின் ஓடைக்கரையில் கன்றுகளைப் பார்த்ததாகச் சொன்னீர்கள். பெரிய மரங்களையும் பார்த்தீர்கள். இரண்டுக்கும் நடுவில், இடுப்பளவு உயரத்தில் ஏதாவது மரத்தைப் பார்த்தீர்களா?"

குமுதவல்லி யோசித்தாள். இல்லை. ஒன்றுகூட இல்லை.

"பதினொரு வருடமாக எதுவும் மூன்றாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை," என்றார் பிபாலுக். "முன்பெல்லாம் எங்கள் குளிர்காலம் ஒரே உறுதியாக இருக்கும். இப்போது நடுவில் ஒரு வாரம் வெயில் காய்கிறது. மரம் வசந்தம் என்று நம்பி மொட்டு விடுகிறது. மறுவாரம் உறைந்து சாகிறது. உங்கள் ஆறாம் ரகம் அவ்வளவு எளிதாக ஏமாறுவதில்லை. அதன் பிள்ளைகள் எப்படி என்று எனக்குத் தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன். என்ன முடிவெடுப்பார்கள் என்று சொல்ல முடியாது."

பத்துக் கன்றுகளை மண்ணோடு பெட்டியில் எடுத்துக்கொண்டு அவர் படகேறினார்.

பதில் வர ஜனவரி ஆயிற்று. மூன்று பக்கக் கடிதம். கருவாட்டுக் கொட்டகையில் எல்லோரும் கூடிய பிறகு குமுதவல்லி அதைப் படித்தாள். முதல் பக்கம் முழுக்க மரபணு எண்கள். ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகக் குளிரையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், பத்தில் எட்டுக் கன்றுகள் ஏமாறவில்லை; மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிஜமான வசந்தத்துக்குக் காத்திருந்தன. இரண்டாம் பக்கத்தில், கலக்கக் கூடாது என்ற பழைய விதி ரத்து செய்யப்பட்டிருந்தது. புதுக்கோடிச் சரிவின் நான்காயிரத்துச் சொச்சம் கன்றுகளும் உள்ளூர் இனமாகப் பதிவாகி, பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டிருந்தன.

"நம்மளப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் நாலே வரிதான். உள்ளுக்குள் ஒரு முறை படித்தாள். பிறகு சத்தமாக வாசித்தாள்.

"மேற்படி மரங்கள் வெற்று மண்ணில் மட்டுமே முளைக்கும் என்பதாலும், அந்த மண்ணை ஆண்டுதோறும் பக்குவமாகத் திறக்கவும், நீர் வடியச் செய்யவும் அறிந்தவர்கள் வேறெங்கும் இல்லை என்பதாலும், புதுக்கோடியில் எக்காலத்திலும் முந்நூறு பேருக்குக் குறையாமல் குடியிருக்க வேண்டும். இந்த எண்ணிக்கை குறையும்படி யாரும் ஆணையத்தின் அனுமதியின்றி வெளியேறக் கூடாது."

தங்க விடுவார்களா என்று காத்திருந்தவர்களுக்குத் தங்கியே ஆக வேண்டும் என்று பதில் வந்திருந்தது. முன்வரிசையில், கடலுக்கு அப்பாலுள்ள நகரங்களில் படிக்கப் போக விண்ணப்பம் போட்டிருந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குமுதவல்லி அதைக் கவனித்தாள். முந்நூற்று நாற்பதில் நாற்பது பேருக்குத்தான் கதவு திறந்திருக்கிறது. அதைப் பேசித் தீர்க்க வேண்டும், பிபாலுக்குக்கு எழுத வேண்டும் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டாள்.

நாடிமுத்துதான் முதலில் சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"பதினஞ்சு வருஷமா போகச் சொல்லிடுவாங்கன்னு பயந்து செத்தோம்," என்றார். "இப்பப் போகவே கூடாதுங்கிறான்!"

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கலியமூர்த்தியும் சிரித்தான், அக்டோபருக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்ப்பது அதுதான் முதல் முறை. குமுதவல்லி கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, பேனாவை எடுத்து, கடைசி வரிக்கு எதிரே 'திருத்தம் தேவை' என்று எழுதினாள். அதற்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.